சோயாவின் காட்டுச் சொந்தம்

சீனாவில் மஞ்சள் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், நாணல் புதர்களைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி வளர்கிறது. நூல் மாதிரித் தண்டு, மூன்று மூன்றாக இலை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் ஊதாப் பூ. காய் நெற்றாகிக் காய்ந்ததும், நல்ல வெயில் நேரத்தில் அதன் இரண்டு ஓடும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டு டப்பென்று வெடிக்கும். உள்ளே இருந்த மணிகள் புதருக்குள் எங்கோ தெறித்துவிடும். தேடிப் பொறுக்கினால் கையில் கிடைப்பது கொள்ளு அளவுகூடத் தேறாத கறுப்பு விதை. அதன் மேல் மண்ணைப் பூசியதுபோல ஒரு தூசிப் படலம். 100 விதையை நிறுத்தால் 1 முதல் 3 கிராம் வரும். வயலில் விளையும் சோயாவில் 100 விதை 15, 20 கிராம் நிற்கும்.

இந்தக் கொடிதான் காட்டுச் சோயா. தாவரவியலில் கிளைசின் சோஜா. நாம் சோயா என்று சொல்லும் கிளைசின் மேக்ஸ், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிழக்காசிய உழவர்கள் இந்தக் கொடியிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய பயிர். பாட்டி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் தூரக்கிழக்கு என்று ஆற்றங்கரையிலும் வேலியோரத்திலும் தானாக முளைத்துக்கொண்டிருக்கிறாள். பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் களை. ஆனால் சீன அரசு இதைப் பாதுகாக்கப்பட வேண்டிய தாவரங்களின் பட்டியலில் இரண்டாம் நிலையில் வைத்திருக்கிறது.

காரணம் விதைக்குள் இருக்கிறது. வயல் சோயாவில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். காட்டுச் சோயாவில் புரதம் 45ஐத் தாண்டும், சில கொடிகளில் 50ஐயும் தொடும். எண்ணெய் மட்டும் பாதிதான், 10 சதவீதம் பக்கம். அந்தக் கொஞ்ச எண்ணெயிலும் ஒமேகா-3 வகையான லினோலெனிக் அமிலம் வயல் சோயாவில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. கண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படும் லூட்டினும் கூடுதல்.

இதைப் படித்ததும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய கதைதான் நினைவுக்கு வரும்: முன்னோர் சாப்பிட்டதில் சத்து இருந்தது, நவீன விவசாயம் வந்து கெடுத்துவிட்டது. சோயா விஷயத்தில் அந்தக் கதை பொருந்தாது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அந்த முன்னோர்களேதான். அவர்கள் சத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவும் இல்லை. வேறு எதற்காகவோ ஒரு விதையைத் தேர்ந்தார்கள், அதோடு முடிச்சுப் போட்டிருந்த சத்தும் கூடவே போய்விட்டது. எது எதோடு முடிச்சுப் போட்டிருந்தது என்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் மரபணு அளவில் தெரியவந்திருக்கிறது. காட்டுச் சோயாவைக் கொண்டு சத்துள்ள ரகம் உருவாக்குவது என்றால், வேலையில் பெரும்பங்கு இந்த முடிச்சுகளை அவிழ்ப்பதுதான்.

ஊறாத பயறு

சுண்டலுக்குப் பச்சைப்பயறை இரவில் ஊறவைத்துக் காலையில் பார்த்தால், எல்லாம் உப்பி நிற்கும்போது நாலைந்து மட்டும் போட்டது போட்டபடி கல்லாகக் கிடக்கும். வேகவைத்தாலும் அசையாது, பல்லில் பட்டால் சுரீர் என்றிருக்கும். பயறு வகைகளில் காட்டு இனங்களின் இயல்பு இது. விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டுச் செடிக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. எல்லா விதையும் முதல் மழைக்கே முளைத்து, அடுத்து வெயில் கொளுத்தினால் வம்சமே காலி. கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம், மிச்சம் அதற்கும் பிறகு என்று மண்ணுக்குள் சேமிப்பாகக் கிடந்தால் தப்பிக்கலாம்.

உழவருக்கு இது ஆகாது. விதைத்த அன்று எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும், அடுப்பில் ஏற்றினால் எல்லாம் ஒன்றாக வேக வேண்டும். அதனால் தண்ணீரை உள்ளே விடும் தோலுள்ள விதையே தலைமுறை தலைமுறையாகத் தேர்வானது. 2015இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜியான்சின் மாவின் குழு, இந்தக் கடினத் தோலுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. காட்டுச் சோயாவில் அது முழுசாக வேலை செய்கிறது. வயல் சோயாவில் அதில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் தோலை இளக்கிவிட்டது. ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அதே மரபணுவுக்கும் விதையிலுள்ள கால்சியத்தின் அளவுக்கும் தொடர்பு இருக்கிறது. கல்லாகக் கிடந்த விதையில் கால்சியம் கூடுதல், ஊறும் விதையில் குறைவு. சீக்கிரம் வேக வேண்டும் என்று கேட்டதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சம் கால்சியம்.

இப்போது அந்தக் கால்சியம் வேண்டும் என்று காட்டு மரபணுவை அப்படியே கொண்டுவந்தால், சமையலறையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஊறாத சோயாவை வைத்து டோஃபு என்ற சோயாப் பனீர் செய்ய முடியாது, பால் எடுக்க முடியாது. இந்த முடிச்சை முழுசாக அவிழ்க்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

தூசி போய் வந்த எண்ணெய்

காட்டு விதையின் மேல் தூசிப் படலம் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அது மண் இல்லை. காயின் உள்சுவரில் உருவாகி விதை மேல் படியும் ஒரு புரதப் பூச்சு. மண்ணில் விழுந்த விதை மண் நிறத்திலேயே மறைந்துகொள்ள அது உதவுகிறது. சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் பொருளும் அந்தப் பூச்சில் இருக்கிறது. உழவர் கண்ணுக்குப் பளபளப்பான விதைதான் நல்ல விதை. தூசி படிந்தது மட்டம் என்று தள்ளியிருப்பார்கள். கடையில் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.

2018இல் அதே குழு, இந்தப் பூச்சை உண்டாக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தது. வயல் சோயாவில் அது பழுதாகியிருந்தது. பழுதான இடத்தில் பூச்சு நின்றது, அதோடு எதிர்பாராமல் விதையில் எண்ணெயும் கூடியது. பளபளப்புக்காகப் பொறுக்கியவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே எண்ணெய்க்காகவும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சோயாவில் எண்ணெய் கூடினால் பொதுவாகப் புரதம் குறையும். இரண்டும் ஏற்றப்பலகையின் இரண்டு முனைகள்.

அந்த ஏற்றப்பலகையைத் தாங்கும் பெரிய அச்சு வேறிடத்தில் இருக்கிறது, சோயாவின் 20ஆவது குரோமோசோமில்.

முப்பது வருடத் தேடல்

1992இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் டியர்ஸும் சக ஆய்வாளர்களும், வயல் சோயாவையும் காட்டுச் சோயாவையும் கலந்து பிறந்த செடிகளில் புரத அளவை வரைபடமாக்கினார்கள். ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் துண்டு காட்டுப் பெற்றோரிடமிருந்து வந்திருந்தால் புரதம் தெளிவாகக் கூடியது. அந்தத் துண்டுக்குள் எந்த மரபணு என்று மட்டும் பிடிபடவில்லை. எந்தத் தெரு என்று தெரியும், எந்த வீடு என்று தெரியாது என்ற நிலை. அந்தத் தெருவிலேயே சுற்றிச் சுற்றி ஏறக்குறைய 30 வருடம் போனது.

2022இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே வீட்டுக் கதவைத் தட்டின. ஒன்றில் டியர்ஸும் இருந்தார், அதற்குள் அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அகப்பட்டது விதையின் புரதம், எண்ணெய், எடை மூன்றையும் சேர்த்து ஆட்டிவைக்கும் ஒரே மரபணு. காட்டுச் சோயாவில் அது முழுசாக இருக்கிறது. வயல் சோயாவின் பெரும்பாலான ரகங்களில், டிஎன்ஏவுக்குள் இடம் விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று, 321 எழுத்து நீளம், அதன் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. நடுவில் வேறெங்கோ கிழிந்த தாளை ஒட்டிய வாக்கியம்போல மரபணு பாதியில் உடைந்துபோனது. விதை பெருத்தது, எண்ணெய் கூடியது, புரதம் இறங்கியது. பெரிய விதை என்றால் யாருக்குப் பிடிக்காது! அந்தச் செடியின் விதைதான் அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கப்பட்டது, பிறகு அதுவே வயலை நிறைத்தது.

முழு மரபணுவைக் காட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டார்கள். மரபணு எது என்று தெரிவதற்கு வெகு முன்பே, 2000ஆம் ஆண்டு வாக்கில், அந்தக் குரோமோசோம் துண்டை வயல் ரகங்களுக்குள் ஏற்றிச் சோதித்தார்கள். புரதம் 2 சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடியது. எண்ணெய் குறைந்தது, விதை சிறுத்தது, விளைச்சலும் அடி வாங்கியது.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, செடியின் பக்கம் நின்று கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்தைச் செய்வதைவிட ஒரு கிராம் புரதம் செய்யச் செடிக்கு இரண்டு மடங்குக்குப் பக்கம் சர்க்கரை செலவாகும். புரதத்துக்கு நைட்ரஜனும் வேண்டும். சோயாவின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது, ஆனால் காய் முற்றும் வேளையில் அது போதாது. செடி தன் இலையிலுள்ள புரதத்தையே உடைத்து விதைக்கு அனுப்புகிறது. இலை பழுக்கிறது, ஒளிச்சேர்க்கை குறைகிறது, சர்க்கரையும் குறைகிறது. தன்னையே தின்று பிள்ளை வளர்க்கும் பயிர் இது. விதையில் இன்னும் புரதம் வை என்று சொன்னால், அதை எங்கிருந்தாவது பிடுங்கித்தான் வைக்கும்.

ஒரு எக்டரில் 3 டன் விளையும் வயல் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் புரதம் என்றால் 1,200 கிலோ புரதம். காட்டு மரபணு வந்து புரதம் 42 ஆகிறது, ஆனால் விளைச்சல் 5 சதவீதம் குறைகிறது என்றால், 2,850 கிலோவில் 1,197 கிலோ. மொத்தப் புரதம் அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் மட்டும் 20 சதவீதத்திலிருந்து 19க்கு இறங்கினாலே 60 கிலோவுக்குப் பக்கம் போய்விடும். இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஆனால் வயல் சோயாவில் புரதத்தைக் கூட்டும் முயற்சி எத்தனையோ முறை ஏன் ஆய்வுக்கூடத்து வாசலிலேயே நின்றுபோனது என்பதை இது சொல்லிவிடும்.

சிமிட்டா நுனியில் ஒரு கலப்பு

காட்டுச் சோயாவுக்கும் வயல் சோயாவுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதான், 40. இரண்டும் தாராளமாகக் கலக்கும். பல பயிர்களுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இது. ஆனால் கலப்பது கையால் செய்யும் வேலை, சுலபமில்லை.

சோயாப் பூ மொத்தமே அரை சென்டிமீட்டர் சொச்சம். அது விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியிலேயே கொட்டிவிடும். ஆகவே மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிமிட்டாவால் புல்லி இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும், பிறகு அல்லி இதழை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். நடுவே இருக்கும் சூல்முடியைத் தொடாமல் மகரந்தப் பைகளை அகற்றிவிட்டு, காட்டுச் செடியின் இன்னும் பொடிசான பூவைக் கொண்டுவந்து மெல்லத் தடவ வேண்டும். ஒரு சீட்டுக் கட்டி, தேதி எழுத வேண்டும். குனிந்தபடியே மணிக்கணக்கில் இதைச் செய்தாலும் பல பூ உதிர்ந்துவிடும். பிடித்த காயில் இரண்டோ மூன்றோ விதை.

அந்த விதையில் முளைப்பது அரைக் காடு. கொடியாக ஓடும், பக்கத்துச் செடியைச் சுற்றிக்கொள்ளும், சாய்ந்து மண்ணில் புரளும், காய் வெடித்து விதை தெறிக்கும். அறுவடை இயந்திரம் இப்படி ஒரு வயலுக்குள் இறங்கவே முடியாது. ஆகவே பிறந்ததைத் திரும்ப வயல் சோயாவோடு கலக்கிறார்கள். காட்டின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 25, பிறகு 12.5, பிறகு 6.25 என்று இறங்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலையில் பொட்டளவு கிள்ளி டிஎன்ஏ சோதனை செய்து, வேண்டிய மரபணு இருக்கும் செடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடலாம். இந்த வசதி இல்லாத காலத்தில் ஒவ்வொரு செடியையும் முற்ற விட்டு, விதையை அரைத்துப் பார்த்துத்தான் புரதம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போதும் ஒரு தொல்லை விடாது. வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்திலேயே வேண்டாத மரபணு குடியிருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். மாப்பிள்ளையை அழைத்தால் மொத்தக் குடும்பமும் வண்டியேறி வருவதுபோல. இரண்டையும் பிரிக்கும் முறிவு குரோமோசோமில் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் நேர வேண்டும். அது நேர்ந்த ஒரு செடியைப் பிடிக்க ஆயிரக்கணக்கான செடிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். மரபணு எந்த வீடு என்று தெரிவதன் பயன் இங்கேதான். தெரு முழுவதையும் கொண்டுவராமல் அந்த வீட்டை மட்டும் கொண்டுவரலாம்.

மரபணுத் திருத்தம் வந்துவிட்டதே, காட்டுச் செடியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். வேலை செய்யும் மரபணுவை உடைக்கத் திருத்தத் தொழில்நுட்பம் கெட்டிக்காரத்தனமானது. உடைந்ததை ஒட்டவைப்பது அதைவிடக் கடினம். வயல் சோயாவில் பல சங்கதிகள் ஏற்கெனவே உடைந்து கிடப்பவை. முழுசாக இருக்கும் பிரதி காட்டில் இருக்கிறது என்றால், அதைக் கலந்து எடுப்பதே நேர்வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

அளவு மட்டும் போதாது

புரதம் கூடினால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோயாப் புரதத்தில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள், குறிப்பாக மெத்தியோனின், தேவைக்குக் குறைவு. கோழித் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு போடுகிறவர்கள் செயற்கை மெத்தியோனினைத் தனியாக வாங்கிக் கலப்பது இதனால்தான். நாம் சோற்றோடு பருப்பைச் சேர்த்துச் சாப்பிடும்போது அரிசி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும். பண்ணைக் கோழிக்கு மருந்துக்கடைக் கணக்கில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

சோயா விதையில் இரண்டு பெரிய சேமிப்புப் புரதங்கள் உண்டு. கிளைசினின் ஒன்று, பீட்டா-காங்கிளைசினின் இன்னொன்று. முதலாவதில் கந்தக அமினோ அமிலங்கள் கூடுதல், இரண்டாவதில் மிகக் குறைவு. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கியூஷூ தீவின் குமாமோட்டோ பகுதியில் திரட்டிய காட்டுச் சோயாக்களைச் சோதித்தபோது, பீட்டா-காங்கிளைசினின் அடியோடு இல்லாத ஒரு கொடி சிக்கியது. செடிக்கு எந்தக் குறையும் இல்லை, வழக்கம்போல வளர்ந்தது, முளைத்தது. ஒரே மரபணுவின் வேலை என்பதால் வயல் சோயாவுக்கு மாற்றுவதும் எளிது. பீட்டா-காங்கிளைசினின் சோயா ஒவ்வாமையை உண்டாக்கும் புரதங்களில் ஒன்று என்பதால் அந்தக் கோணத்திலும் இந்தக் கொடிக்கு மதிப்பு. தானாக முளைத்துக் கிடந்த ஒரு கொடி இது. அது முளைத்த இடத்தில் வீடு கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஒமேகா-3 விவகாரம் இன்னும் வேடிக்கையானது. ஊட்டச்சத்து நிபுணர் லினோலெனிக் அமிலம் கூடட்டும் என்பார். எண்ணெய் ஆலைக்காரர் குறையட்டும் என்பார், ஏனென்றால் அது இருக்கும் எண்ணெய் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், வறுக்கத் தாங்காது. அதைத் தடுக்க ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தப் போய்த்தான் டிரான்ஸ் கொழுப்பு வந்து சேர்ந்தது. அதனால் பல பத்தாண்டுகளாகச் சோயா மேம்பாட்டாளர்கள் லினோலெனிக் அமிலத்தைக் குறைக்கப் பாடுபட்டார்கள். காட்டுச் சோயா இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. யாருக்கான சத்து, எந்தச் சமையலுக்கான எண்ணெய் என்று முதலில் முடிவு செய்யாமல் சத்துள்ள சோயா என்று பேசுவதில் பொருளே இல்லை.

எல்லாச் சத்துக்கும் காட்டுக்கே போக வேண்டும் என்றும் இல்லை. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது, அதனால்தான் நன்றாக வேகவைக்கச் சொல்கிறார்கள். அது இல்லாத வகை பழைய வயல் ரகங்களிலேயே கிடைத்தது. இந்தூர் சோயா ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குணத்தைக் கலந்து இந்தியாவுக்கென ரகம் வெளியிட்டிருக்கிறது. இந்தியாவில் காட்டுச் சோயாவின் பயன் இதுவரை பெரும்பாலும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் சக்திக்காகத்தான். டெல்லியிலும் பந்த்நகரிலும் அதற்காகக் கலப்புகள் நடந்திருக்கின்றன. எக்டருக்கு ஒரு டன் பக்கம்தான் விளையும் நாட்டில், முதலில் செடி பிழைக்கட்டும் என்று நினைப்பதில் தப்பில்லை.

கோதுமையும் மக்காச்சோளமும்

சோயாவுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று நினைக்க வேண்டாம். இஸ்ரேலில் மலைச்சரிவுகளில் விளையும் காட்டு எம்மர் கோதுமையில் புரதம் கூடுதல் என்று 1970களிலேயே தெரியும். அதற்கான மரபணுவை 2006இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கியின் குழு பிரித்தெடுத்தது. அது செய்யும் வேலை, இலையைச் சில நாள் முன்னதாகவே பழுக்கவைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனோடு இரும்பையும் துத்தநாகத்தையும் மணிக்கு அனுப்புவது. சோயாவில் பார்த்த அதே பேரம்தான். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையான தியோசின்ட்டேயில் புரதம் இன்றைய மக்காச்சோளத்தைப்போல மூன்று மடங்கு. அதில் ஒரு மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2022இல் கண்டுபிடித்தார்கள். செடி நைட்ரஜனைப் பயன்படுத்தும் திறனையே அது கூட்டுவதால், பேரம் கொஞ்சம் தளரும் என்ற நம்பிக்கை அங்கே இருக்கிறது. ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவதைவிட வருமானத்தையே கூட்டுவது மேல். சோயாவிலும் தேட வேண்டியது இந்த மாதிரி மரபணுவைத்தான் என்பது என் எண்ணம்.

சோயாவுக்கு இன்னும் தூரத்துச் சொந்தங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கிளைசின் குடும்பத்தின் பல்லாண்டுத் தாவரங்கள் இருபதுக்கும் மேல். வறட்சி, துரு நோய் எல்லாம் பார்த்தவை. ஆனால் இவை சோயாவோடு எளிதில் கலக்காது. கலந்தாலும் காய் மூன்று வாரத்தில் உதிரும். இல்லினாயில் ராம் சிங் என்ற ஆய்வாளர் அந்தக் காய் உதிராமல் இருக்க ஹார்மோன் தெளித்து, இருபது நாள் பிஞ்சு விதையை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தார். பிறந்த செடி மலடு. அதன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி 118 ஆக்கினார். பிறகு சோயாவோடு திரும்பத் திரும்பக் கலந்து, பல வருடம் கழித்து 40க்கு இறக்கிக் காய்க்கும் செடிகளைக் கொண்டுவந்தார். பொறுமைக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பார்கள், இவரிடம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

இத்தனை பாடு ஏன் என்றால், வயல் சோயாவின் சொத்து அவ்வளவு சுருங்கிவிட்டது. காட்டிலிருந்து வயலுக்கு வந்ததிலேயே மரபணு வேறுபாட்டில் பாதி போய்விட்டது என்று 2006இல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. அரிய மரபணு வடிவங்களில் 81 சதவீதம் அப்போதே தொலைந்தன. வட அமெரிக்க ரகங்களின் வம்சத்தில் 86 சதவீதம் வெறும் 17 மூதாதை ரகங்களிடமிருந்து வந்தது. இல்லினாயின் அர்பானாவிலுள்ள அமெரிக்க விதை வங்கியில் காட்டுச் சோயா மாதிரிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, சீனாவின் வங்கியில் பல ஆயிரம். இவற்றில் ரகமாக வயலுக்கு வந்து சேர்ந்தவற்றின் வாரிசுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எடைமேடையில் புரதம் தெரியாது

நம் ஊரில் சோயா என்றால் முதலில் மீல்மேக்கர்தான் நினைவுக்கு வரும், இலங்கையில் சோயா மீட். இரண்டுமே எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவை இயந்திரத்தில் உப்பவைத்துச் செய்பவை. எண்ணெய் போய்விட்டதால் அந்த மாவில் புரதம் 50 சதவீதம் பக்கம் நிற்கிறது. உலகில் ஆண்டுக்கு 35 கோடி டன்னுக்கு மேல் விளையும் சோயாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு, புண்ணாக்காகிக் கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் போகிறது. டோஃபுவாகவும் பாலாகவும் நேராக மனிதர் தட்டுக்கு வருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அமெரிக்காவிலோ பிரேசிலிலோ சோயா ஏற்றிய லாரி கிடங்குக்கு வந்தால் முதலில் எடைமேடை, அப்புறம் ஈரப்பதம், அப்புறம் குப்பை எவ்வளவு என்ற சோதனை. பணம் எடைக்குத்தான். சில ஒப்பந்தச் சாகுபடிகள் தவிர, உள்ளே புரதம் 38ஆ 42ஆ என்று பார்த்து விவசாயிக்குக் காசு கூட்டிக் கொடுப்பதில்லை. எடைக்குக் காசு தருகிற சந்தையில் எடையைக் குறைத்துச் சத்தைக் கூட்டும் ரகத்தை எந்த விவசாயி விதைப்பார்? ஆய்வுக்கூடத்தில் மரபணுவைக் கண்டுபிடித்ததற்கும் அது வயலில் காணாமல் இருப்பதற்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் இந்த எடைமேடைதான் என்று நினைக்கிறேன். விளைச்சல் குறையாமல் புரதம் கூடும் ரகம் வந்தால் சிக்கல் தீரும். அதற்கான தேடல் நடக்கிறது. ஆனால் புரதத்துக்கு ஒரு விலை வைத்திருந்தால் இதில் பாதி வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

காட்டுச் சோயாவின் குணத்துக்குச் சந்தை காசு கொடுத்த இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஜப்பானில் நாட்டோ என்று ஒரு உணவு. வேகவைத்த சோயாவைப் புளிக்கவைத்து, கலக்கினால் நூல் நூலாக இழுபடும்படி ஆக்கி, சுடுசோற்றின் மேல் போட்டுக் காலையில் சாப்பிடுவார்கள். வாசனை பழகாதவர் பக்கத்தில் உட்கார மாட்டார். இதற்குச் சோயா பொடிசாக இருக்க வேண்டும். அப்போதுதான் சீராகப் புளிக்கும், சோற்றோடு கலந்து வாய்க்கு வாகாக இருக்கும். பெரிய விதைக்குப் பழகிய மேம்பாட்டாளர்கள் சிறிய விதைக்கு எங்கே போவார்கள்? சீனாவின் ஜிலின் மாகாணத்தில் காட்டு, அரைக்காட்டுச் சோயாவை வயல் சோயாவோடு கலந்து, ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யவென்றே சிறுவிதை ரகங்களை உருவாக்கினார்கள். அமெரிக்காவிலும் அதே வழியில் நாட்டோ ரகங்கள் வந்தன. விதை சிறியது, விளைச்சல் குறைவு, விலை மட்டும் சாதாரணச் சோயாவைவிடக் கூடுதல். எடைமேடையில் மட்டம் என்று தள்ளியிருக்க வேண்டிய அந்தப் பொடி விதை, டோக்கியோ கடைகளில் சிறு சிறு டப்பாக்களில், கடுகு விழுதுப் பொட்டலம் ஒன்றோடு அடுக்கியிருக்கிறது.